அரிக்கேன் திரியை இறக்கிய அளவு வெளிச்சம்: கேம் கன்ட்ரோலருக்குள் எல்இடி வைப்பது

எங்களுடையது சிங்கப்பூரில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. உள்ளறையில் என் அம்மாவும் மகனும் படுக்கிறார்கள். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பள்ளி நாள்களில் விளையாட்டு கிடையாது. வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் பதினொரு மணி வரை விடுவேன். அம்மா ஒன்பதரைக்கே படுத்துவிடுவார். அதற்குமேல் அறையில் விளக்கு எரியக் கூடாது என்பது வீட்டு ஏற்பாடு.

மகன் முன்பு வைத்திருந்தது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர். அதில் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம். அது பழுதானதும் நான் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வயர் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிக் கணினியில் மாட்டிக் கொடுத்தேன். இதில் ஏ, பி, எக்ஸ், ஒய். திரையில் எக்ஸ் என்று வந்தால் பிள்ளையின் கட்டைவிரல் பழைய நினைப்பில் கீழே இருக்கும் பொத்தானுக்குப் போகிறது. இதில் எக்ஸ் இடப்பக்கம். இருட்டில் எழுத்தும் தெரியாது. கைப்பேசி விளக்கை அடித்துப் பார்ப்பான், அப்பாயி விழித்துக்கொள்வார். இப்படி இரண்டு வாரம் போனது.

விளக்கு வைத்த கன்ட்ரோலர் கடையில் நிறையவே கிடைக்கிறது. நான் பார்த்தவை எல்லாம் அறைக்கே வெளிச்சம் போடுபவை. எனக்கு வேண்டியது எழுத்து தெரியும் அளவு, அதற்குமேல் ஒரு துளியும் வேண்டாம். மின்தூக்கிப் பராமரிப்பில் 17 வருடம் ஓட்டியவன், சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் சூட்டுக்கோல்) கைக்குப் பழகியது. நானே செய்துவிட்டேன். நீங்களும் செய்யலாம், சால்டரிங் கொஞ்சம் தெரிந்திருந்தால் ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும்.

முதலில், எந்தக் கன்ட்ரோலர். முதல் முறை செய்பவர்கள் வயர் உள்ளதையே எடுங்கள். யூஎஸ்பி வழியாக 5 வோல்ட் நிலையாக வரும்; பிடுங்கினால் எல்லாம் அணையும். வயர்லெஸ் கன்ட்ரோலரில் இரண்டு தொல்லை. ஒன்று, மின்கலத்திலிருந்து நேராக எடுத்தால் கன்ட்ரோலரை அணைத்த பிறகும் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். அணையும்போது சேர்ந்து அணையும் ஓர் இடத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் மல்டிமீட்டர் வைத்துத் தேட வேண்டும். இன்னொன்று, இரண்டு ஏஏ மின்கலம் போடும் வகை என்றால் புதிதில் 3 வோல்ட், தீரத் தீர 2 வோல்ட் பக்கம் இறங்கும். சிவப்பு எல்இடி அதில் ஓரளவு எரியும். நீலமும் வெள்ளையும் சீக்கிரமே மங்கிவிடும். உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கும் வகை என்றால் திறந்தவுடன் முதல் வேலை அதன் இணைப்பைக் கழற்றுவது. அயர்னின் சூடான முனை அதில் படவே கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத கன்ட்ரோலரைத் தொடாதீர்கள்.

எவ்வளவு வெளிச்சம்?

இந்த வேலையில் யோசிக்க வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் கைவேலை.

எல்இடிக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட வோல்ட் வரும் வரை பேசாமல் இருக்கும். தாண்டியதும் கிடைத்த மின்சாரத்தை எல்லாம் இழுக்கும். நிறுத்திப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் கருகிப் போகும். அந்த ஆள்தான் ரெசிஸ்டர். சிவப்பு, ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) நிறங்களுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். நீலம், வெள்ளைக்கு 3 வோல்ட் சுற்றி. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம், அதனால் வோல்ட்டும் அதிகம். அந்த நீலத்தை நல்ல வெளிச்சத்தோடு கொண்டுவரத்தான் இத்தனை காலம் ஆனது: கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி 1962-இல் வந்துவிட்டது, பிரகாசமான நீலம் 1990-களில்தான் வந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபெல் கிடைத்தது. அதை மகனிடம் சொன்னபோது, "அப்ப நீலமே வைங்கப்பா" என்றான். ஏன் வைக்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

கணக்கு எளிது. வருகிற 5 வோல்ட்டில் எல்இடி எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழியுங்கள். மிச்சத்தை ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் ஓடும் மின்சாரம். ஆம்பர் எல்இடிக்கு மிச்சம் 3 வோல்ட். 150 ஓம் போட்டால் 20 மில்லி ஆம்பியர் ஓடும். சாதாரணச் சிறு எல்இடிக்குப் பெரும்பாலும் அதுதான் மேல் வரம்பு. 1 கிலோ ஓம் என்றால் 3 மில்லி ஆம்பியர். 4.7 கிலோ ஓம் என்றால் 0.6-க்குச் சற்று மேல். இணையத்தில் வரும் கணக்கிகள் பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியருக்கே விடை சொல்லும். அதை நம்பிப் போட்டால் இருட்டறையில் கண் கூசும். இன்றைய எல்இடிகள் அரை மில்லி ஆம்பியரிலேயே நன்றாகத் தெரிகிற அளவு எரிகின்றன.

அதனால் சால்டர் வைப்பதற்கு முன் இருட்டில் பாருங்கள். பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் பாகங்களைக் குத்திப் பார்க்கும் துளைப் பலகை) ஒன்றில் பழைய யூஎஸ்பி வயரின் சிவப்பையும் கறுப்பையும் குத்தி, எல்இடியோடு 330 ஓம், 1 கிலோ, 4.7 கிலோ, 10 கிலோ என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பகலில் பார்த்தால் தப்புக் கணக்கு வரும். நாங்கள் இரவு பத்து மணிக்கு, அம்மா படுத்த பிறகு, அதே அறையில் பார்த்தோம். நீலம் 330 ஓமில் உட்கூரையில் வட்டம் போட்டது. 1 கிலோவில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. நீலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கொஞ்ச நேரம் எல்லாமே கறுப்பாக இருந்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணை நீலம் கலைத்துவிடும், சிவப்பும் ஆம்பரும் அவ்வளவு கலைப்பதில்லை. மகனே அதைப் பார்த்துவிட்டு ஆம்பருக்கு ஒத்துக்கொண்டான். ஆம்பரில் 4.7 கிலோ போட்டபோது கையடக்கத்துக்குள் மட்டும் ஒரு மஞ்சள் நின்றது. தூங்கிவிட்டதாக நாங்கள் நினைத்த அம்மா கட்டிலிலிருந்தே, "அரிக்கேன் திரிய இறக்கி வச்ச மாதிரி இருக்குப்பா, இது போதும்" என்றார். அதுவே முடிவு.

நிறம் பற்றி இன்னொன்று, இது முக்கியம். இந்தக் கன்ட்ரோலரில் பொத்தான்கள் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள். ஆம்பர் ஒளியில் நீலப் பகுதி கிட்டத்தட்ட இல்லை. அதனால் நீலப் பொத்தானின் வழியே ஆம்பர் வராது, எக்ஸ் மட்டும் இருண்டு கிடக்கும். இரண்டு வழி உண்டு. நிறப் பொத்தான்களையே வைத்துக்கொள்வதென்றால் வெள்ளை எல்இடி, அதுவும் 10 கிலோ ஓமில். இல்லையென்றால் நிறமற்ற, ஒளி கசியும் மாற்றுப் பொத்தான்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். மாற்றுப் பொத்தான் வாங்கும்போது எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், எழுத்தே இல்லாமலும் விற்கிறார்கள்.

சாமான் வாங்க

ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போங்கள். சிம் லிம் ஸ்குவேர் வேறு, அது கணினிக்கு. டவரில்தான் ரெசிஸ்டர், வயர், சுவிட்ச் என்று சில்லறையாகக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. நான் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்தில் சுங்கை ரோடு சந்தையில் பழைய ரேடியோ வாங்கிப் பிரித்து அதிலிருந்தே பாகம் எடுப்போம். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள், இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் மனது தேடுகிறது.

வாங்க வேண்டியவை: 0805 அளவு ஆம்பர் எல்இடி பத்து. ஒன்றுதான் வேண்டும், ஆனால் 2 மி.மீ. நீளமே உள்ள பொருள், தரையில் விழுந்தால் கிடைக்காது. கால்வாட் ரெசிஸ்டர் 1 கிலோ, 4.7 கிலோ, 10 கிலோ ஒவ்வொன்றிலும் சில. 4.7 கிலோவின் பட்டைகள் மஞ்சள், ஊதா, சிவப்பு. எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பி, 0.2 மி.மீ. சுற்றி. வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப். சூடுபட்டால் சுருங்கி வயரை மூடும் சுருங்கு குழாய் கொஞ்சம். 0.8 மி.மீ. சால்டர், அது நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தனியாக. நடுவில் துளை உள்ள டி8 (நட்சத்திர முனை) திருப்புளி. துளை இல்லாத டி8 இந்தத் திருகுகளில் இறங்காது, ஏனென்றால் திருகின் நடுவில் ஒரு சிறு முளை நிற்கும். பெல்ட்டில் துளை போடும் கருவி ஒன்றும் வேண்டும், அது எதற்கென்று சொல்கிறேன். அயர்னும் மீட்டரும் இருந்தால் மற்றதெல்லாம் சேர்த்துப் பெரிய செலவு இல்லை.

திறப்பது

பின்பக்கம் 7 திருகு. ஆறு கண்ணுக்குத் தெரியும். ஏழாவது நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கு அடியில். விரலால் லேபிளைத் தடவினால் ஓர் இடம் பள்ளமாக இறங்கும், அங்கே குத்தித் திறக்கலாம். ஆறை மட்டும் கழற்றிவிட்டு நெம்பினால் பிளாஸ்டிக் ஓடு உடையும்.

முகம் கீழே இருக்கும்படி ஒரு துண்டின் மேல் வைத்துப் பின் ஓட்டைத் தூக்குங்கள். அப்படியென்றால் பொத்தான்கள் தங்கள் குழியிலேயே இருக்கும். தூக்குவதற்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடிக்குள்ளும் அதிர்வு மோட்டார்கள் மெல்லிய வயரில் தொங்கும், இழுக்காதீர்கள். பலகையைத் தூக்கினால் கீழே ரப்பர் விரிப்பு. ஏ, பி, எக்ஸ், ஒய் நான்குக்கும் சேர்த்து ஒரே ரப்பர். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு குமிழ், குமிழின் உள்ளே ஒரு கறுப்புக் கார்பன் வில்லை. பொத்தானை அழுத்தினால் அந்த வில்லை பலகையின் தடத்தைத் தொட்டு இணைப்பை முடிக்கிறது. அந்தத் தடத்தின் மேல் பசையோ ஃபிளக்ஸோ விரல் வியர்வையோ படக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் எப்போதும் ஈரம்தான். பலகையை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

எல்இடி எங்கே?

பலர் பொத்தானுக்கு ஒன்றாக நான்கு எல்இடி வைக்கிறார்கள். கார்பன் வில்லை ஒளியை மறைப்பதால் ஒவ்வொன்றையும் அதன் ஓரத்தில் நெருக்கிச் செருக வேண்டியிருக்கிறது. பொத்தான் முழுதாக அமுங்காமல் போகும். நான் ஒன்றே ஒன்று வைத்தேன், நான்கு பொத்தானுக்கும் நடுவில். ரப்பர் பாதி ஒளி ஊடுருவும் பொருள். நடுவில் ஒளி கொடுத்தால் அதுவே ஒளியைப் பரப்பி நான்கு பொத்தானின் அடிக்கும் கொண்டுபோகிறது. விளிம்பில் மென்மையாக, எழுத்து நிழலாகத் தெரிகிறது.

ரப்பரின் நடுப்பகுதி பலகையில் தட்டையாக உட்காரும். அங்கே எல்இடி இருந்தால் ரப்பர் தூக்கிக்கொள்ளும், பொத்தான்கள் தாமாகவே அமுங்கியது போல நடக்கும். அதற்குத்தான் பெல்ட் துளைக் கருவி: ரப்பரின் நடுவில் 3 மி.மீ. துளை. ஒரே அழுத்தில் சுத்தமாக வரும். கத்தரிக்கோலால் வெட்டினால் துளை கிழிந்து குமிழ் வரை ஓடும்.

எல்இடிக்குக் கம்பி வைக்கும் வேலையைப் பலகைக்கு வெளியே முடியுங்கள். மேசையில் இருபக்க டேப் ஒட்டி எல்இடியை அதன்மேல் நிறுத்துங்கள். எது நேர்மின் முனை என்று மீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பாருங்கள். லேசாக ஒளிரும்போது சிவப்பு முனை தொட்டிருக்கும் பக்கமே நேர்மின் முனை. மேலே இருக்கும் பச்சைக் குறியை மட்டும் நம்பாதீர்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. எனாமல் கம்பியின் நுனியில் எனாமலை எரித்துப் போக்க வேண்டும்: அயர்ன் முனையில் ஒரு சொட்டு சால்டரை உருக்கி வைத்து, கம்பி நுனியை அதற்குள் சில நொடி நுழைத்து எடுத்தால் எனாமல் புகைந்து நுனி வெள்ளியாகும். ஆகாவிட்டால் கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். அப்புறம் எல்இடியின் இரு முனைகளிலும் துளி ஃபிளக்ஸ், கம்பியை வைத்து ஒரு நொடி தொட்டு எடுங்கள். இரண்டு நொடி தாண்டினால் எல்இடி வெந்துவிடும். ஈயம் கலந்த சால்டர் என்றால் அயர்ன் 330 டிகிரி போதும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து விசிறியைப் புகை வெளியே போகும்படி திருப்பிவையுங்கள், கண்ணாடி போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் இதைச் செய்யாதீர்கள்.

இனி பலகையின் நடுவில் சிறு சதுரமாக மஞ்சள் டேப் ஒட்டி, எல்இடியை அதன்மேல் ஒரு பொட்டுப் பசையில் நிறுத்துங்கள். பசை தடங்களுக்கு ஓடாத அளவு, குண்டூசி நுனியில் எடுத்து. கம்பிகள் இரண்டையும் தட்டையாகப் படியவைத்து, வழியெல்லாம் டேப்பால் மூடிப் பலகையின் ஓரமாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள். பின்பக்கம் இடம் உண்டு. ரெசிஸ்டரை அங்கே நேர்மின் கம்பியில் சேர்த்துச் சுருங்கு குழாய் போடுங்கள்.

மின்சாரம் எடுப்பது யூஎஸ்பி கேபிள் பலகையில் சேரும் இடத்தில். வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை (கிரவுண்ட், மின்சாரம் திரும்பிப் போகும் வயர்), பச்சையும் வெள்ளையும் தகவல் வயர்கள். வேறு தயாரிப்பில் நிறம் மாறலாம், அதனால் ஒரு நிமிடம் கணினியில் மாட்டி மீட்டரால் 5 வோல்ட்டை உறுதிசெய்துவிட்டுப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகே சால்டர். பச்சை, வெள்ளை பக்கம் போகவே வேண்டாம். அங்கே ஒரு துளி சால்டர் பாலம் போட்டால் கணினி கன்ட்ரோலரையே அடையாளம் காணாது. சால்டர் ஆறியதும் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் மீட்டரில் ஓம் பாருங்கள். பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்யாமல் கணினியில் மாட்டாதீர்கள்.

கூடுதல் எல்இடி வைக்க ஆசைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். ஒரே ரெசிஸ்டரில் நாலைச் சேர்த்தால் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் எரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிறம் மாற்றச் சொல்லக்கூடிய எல்இடி வேறு வேலை. அதற்குத் தனியாக ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு வேண்டும், முழு வெள்ளையில் ஒரு எல்இடியே 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும்.

நான் இரண்டாம் முறை திறந்த கதை

முதல் முறை மூடியபோது எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மகன், "அப்பா, அதிரும்போது உள்ள ஏதோ உரசுது" என்றான். ஒரு வெட்டுக்கிளி சிறகடிப்பது போன்ற சத்தம், இடக் கைப்பிடியில் மட்டும். திறந்து பார்த்தால், பின்பக்கம் மிச்சம் விட்டிருந்த கம்பியின் வளையம் இடது மோட்டாரின் எடைக் கட்டிக்கு எட்டியிருந்தது. இந்த மோட்டார்களின் தண்டில் ஒருபக்கம் கனத்த அரைவட்ட உலோகக் கட்டி இருக்கிறது. அது சாய்ந்து சுழல்வதால்தான் கை அதிர்கிறது. இடதில் இருப்பது பெரிய கட்டி. மூன்று நாளில் எனாமலைத் தேய்த்துச் செம்பு மினுக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அறுந்திருக்கும், அறுந்த முனை எங்கே போய்த் தொட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும். கம்பியை மாற்றி, மிச்சம் இல்லாமல் அளந்து வெட்டி, சூட்டுப் பசையால் மூன்று இடத்தில் பிடித்துவிட்டேன். நீங்கள் முதல் முறையே அப்படிச் செய்யுங்கள். மூடுவதற்கு முன் இரு கட்டிகளையும் விரலால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எதிலும் படக் கூடாது. அனலாக் குச்சிகளின் பக்கம் பசையே வேண்டாம்.

முழுதாகத் திருகுவதற்கு முன் இரண்டு திருகு மட்டும் போட்டு, விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் சோதிக்கும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பொத்தானையும் பத்துப் பத்துத் தடவை அழுத்துங்கள். ஒரு பொத்தான் அழுத்தாமலே திரையில் எரிந்தால் ரப்பர் தூக்கியிருக்கிறது, துளையைச் சரிபாருங்கள். அழுத்தியும் எரியாவிட்டால் தடத்தில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். மோட்டாரை ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். எல்லாம் சரியென்றால் ஏழு திருகையும் போடுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகு என்பதால், முதலில் பின்பக்கமாக அரைச் சுற்று திருப்பி, பழைய புரியில் 'டக்' என்று விழுந்த பிறகு முன்னால் முறுக்குங்கள். அப்போதுதான் இன்னொரு முறை திறந்தாலும் பிடிப்பு இருக்கும்.

கணினி தூங்கும் நிலையில் இருந்தாலும் சிலவற்றில் யூஎஸ்பியில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், அதனால் எல்இடியும் எரியும். எங்கள் கணினி அப்படித்தான். விளையாடி முடித்ததும் மகன் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் படுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போன சனிக்கிழமை அவன் பிடுங்கப் போனபோது, "இருக்கட்டும்டா, நடுராத்திரி எந்திரிச்சா செருப்பு எங்க இருக்குன்னு தெரியும்" என்றாராம் அம்மா. இப்போது கன்ட்ரோலர் இரவில் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், முகம் மேலே பார்க்க, எரிந்தபடியே இருக்கிறது.